ஆறு குழாய் கட்டின மாப்பிள்ளை

மாப்ளே, ஊரு வந்து சேந்துட்டேன். கண்ணு பளிச்சுனு தெரியுது. ஆபரேசன் பண்ணின டாக்டர் பதினஞ்சு நாளைக்குக் குனியக்கூடாதுன்னு சொன்னாரு. உன் வீட்டுல இருந்த அந்தப் பதினஞ்சு நாள்ல நான் குனிஞ்சது ஒரே ஒரு தடவை. அதுவும் சோபாவுக்குப் பின்னாடி நீ நிறுத்தியிருந்த ஸ்பீக்கர்ல காதை வைக்கத்தான். எதுக்கு வச்சேன்னு அப்பவே சொல்லியிருக்கலாம். ஆனா உன் கூட்டாளிங்க நாலு பேரு கண்ணை மூடிக்கிட்டுத் தலையை ஆட்டிக்கிட்டு இருந்தாங்க. பந்தியில உக்காந்தவன்கிட்டப் போயி சோறு வேகலைன்னு சொல்ற பழக்கம் நம்ம வீட்டுல கிடையாது. அதான் ஊருக்கு வந்து எழுதுறேன். கோவம் வந்தா உங்கம்மாகிட்டச் சொல்லு. அவ எனக்கு அக்கா, என் பக்கம்தான் பேசுவா.

அன்னைக்கு நீ போட்டுக் காட்டினது அந்த முக்கோண அட்டை. கறுப்பு அட்டையில ஒரு கண்ணாடிப் பட்டை, ஒரு பக்கம் வெள்ளை வெளிச்சமாப் போறது மறுபக்கம் வானவில்லா வருமே, பிங்க் ஃபிளாய்டு, 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்'. 1973-ல வந்த பாட்டு. முப்பது வருசம் கழிச்சு, 2003-ல, அதை அஞ்சு குழாய்க்கும் ஒரு உறுமல் பெட்டிக்குமாப் புதுசாப் பிரிச்சு எஸ்ஏசிடி தட்டா விட்டாங்க. நீ அதைக் கடல் தாண்டி வரவழைச்சு, லேப்டாப்புல மாட்டுற டிரைவுல சொருகி, அரை மணி நேரத்துல ஹார்ட் டிஸ்க்குக்குள்ள இறக்கிட்ட. "மாமா, சத்தம் எப்படிச் சுத்துது பாத்தீங்களா"ன்னு கேட்ட. "சுத்துதுய்யா"ன்னேன். நான் பொய் சொல்லல. எனக்குத் தலை சுத்துச்சு.

நான் முப்பது வருசம் மைக் செட்டு கட்டினவன். கொடைக்கும் கல்யாணத்துக்கும் பனைமரத்துல ஏறிக் குழாயைக் கட்டிட்டு எறங்கினதும் முதல் வேலை, ஒவ்வொரு குழாய்க்குக் கீழயும் போயி நின்னு காது குடுக்கிறது. நாலுல ஒண்ணு யூனிட் எரிஞ்சு ஊமையாக் கெடந்தாலும் மத்த மூணு போடுற சத்தத்துல கட்டினவனுக்கே தெரியாது. அந்தப் பழக்கத்துலதான் குனிஞ்சேன். முன்னாடி எடது பக்கம் கேட்டதேதான் பின்னாடி எடது பக்கமும் கேட்டுச்சு. வலதும் அப்படியே. சரி, பெட்டி என்ன சொல்லுதுன்னு பாப்போம்னு உன் ரிசீவர் முகப்பைப் பாத்தேன். புதுக் கண்ணு பாரு, பொடி எழுத்தெல்லாம் தெரியுது. உள்ள வர்றது பிசிஎம், ரெண்டு சேனல்னு அது ஒளிவு மறைவில்லாம எழுதிக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. வீட்டுல அதை வாசிக்காத ஒரே ஆளு நீதான்.

நடந்தது இதுதான். அந்த மாதிரித் தட்டுல பெரும்பாலானதுக்கு ரெண்டு அடுக்கு. ஒண்ணு சாதா சிடி அடுக்கு, எந்தப் பிளேயர்லயும் பாடும், ரெண்டே குழாய்தான். இன்னொரு அடுக்குலதான் நீ காசு குடுத்த ஆறு குழாய்ச் சரக்கு இருக்கு. கம்ப்யூட்டர் டிரைவு எந்தக் கம்பெனியா இருந்தாலும் அதுக்குச் சாதா அடுக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். நீ திண்ணையில மோர் குடிச்சுட்டு விருந்து சாப்பிட்டேன்னு ஏப்பம் விட்டிருக்க. உன் ரிசீவரும் லேசுப்பட்டதில்ல. வந்த ரெண்டு சத்தத்தை ஆறு பேருக்கும் பங்கு வச்சிருச்சு. ஆளு கூடக் கூட உங்க அத்தை குழம்புல வெந்நீர் ஊத்துவாளே, அந்தக் கைப்பக்குவம்.

அதே தட்டுல 'டைம்'னு ஒரு பாட்டு. ஆரம்பத்துல கடிகாரமெல்லாம் ஒண்ணாச் சேந்து அலறும். ஆலன் பார்சன்ஸ்னு அந்த ரெக்கார்டிங் இன்ஜினியர், பழைய கடிகாரக் கடைக்குப் போயி, ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியா டேப்புல பிடிச்சுட்டு வந்திருக்காரு. எதுக்கு? நாலு குழாய்ல சத்தம் போட்டா எப்படி இருக்கும்னு காட்டுறதுக்கு. ஆளுக்கொரு மூலையில நின்னு அலற வேண்டிய கடிகாரமெல்லாம் உன் வீட்டுல டிவிக்கு முன்னாடி ரேசன் கடை வரிசை மாதிரி நெருக்கியடிச்சு நின்னுச்சு. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. பதினஞ்சு நாளும் நீ ஆபீசுக்குப் போன பிறகு உன் மகன், சின்னவன், எனக்குக் கண்ணுல சொட்டு மருந்து விட்டுட்டு, பக்கத்துல உக்காந்து செல்லுல தேடித் தேடி வாசிச்சுக் காட்டினான். நான் கேள்வி கேப்பேன், அவன் பதிலைக் கண்டுபிடிப்பான். உன் சமாச்சாரம் உன்னைவிட அவனுக்கு அத்துப்படி.

இந்தச் சுத்துச் சத்த ஆசை நேத்து வந்ததில்ல. 1970-களிலேயே நாலு குழாய்க்குன்னு எல்பி தட்டு போட்டாங்க. எஸ்க்யூன்னு ஒருத்தன், க்யூஎஸ்னு ஒருத்தன், சிடி-4ன்னு ஒருத்தன். இவன் தட்டு அவன் பெட்டியில ஒழுங்காப் பிரியாது. மூணு பங்காளியும் வரப்புத் தகராறுல நிக்க, வாங்க வந்தவன் சாதா ஸ்டீரியோவே போதும்னு போயிட்டான். அதுல புத்தி வந்துச்சா? 1999-ல சோனியும் பிலிப்ஸும் எஸ்ஏசிடின்னு கொண்டாந்தாங்க. அடுத்த வருசமே இன்னொரு கூட்டம் டிவிடி-ஆடியோன்னு கொண்டாந்துச்சு. மறுபடியும் அதே வரப்பு. ஊரு மொத்தமும் அந்த நேரத்துல எம்பி3 பின்னாடி ஓடிப் போச்சு. அப்படிக் கேட்பாரில்லாமக் கெடந்த தட்டைத்தான் நீ இன்னைக்குப் பொன்னு விலைக்கு வாங்கி அடுக்கி வச்சிருக்க.

வாங்கினதைத் தப்புன்னு சொல்லல. காப்பி எடுத்து வைக்கிறதும் நல்ல காரியம்தான். தட்டு இருந்து என்ன, பாட வைக்கிற பெட்டி செத்துக்கிட்டே வருதே. லேசர் மங்கிப் போகும், தட்டுக் கதவை இழுக்கிற ரப்பர் வார் இறுகிப் போகும், உதிரி கிடைக்காது. எல்லாத் தட்டும் பாடுற நல்ல பிளேயர்னு பேரெடுத்த ஒப்போ டிஜிட்டலே 2018-ல போதும்டா சாமின்னு கடையைக் கட்டிட்டான். ஆனா அதுக்கு நீ எடுத்த வழி இருக்கே, அதைச் சொல்றேன், கேளு.

போன தீபாவளிக்கு ஒரு பழைய விளையாட்டுப் பெட்டி வாங்கினியே, இப்போ பரண்ல கிரைண்டர் குழவிக்குப் பக்கத்துல இருக்கே, பிளேஸ்டேஷன் 3. யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கின. சொன்னவன் சொன்னது சரிதான். 2006-ல வந்த முதல் ஈடு பெட்டிங்க எஸ்ஏசிடி பாடும். அதுல உள்ள மென்பொருள் 3.55 பதிப்போ அதுக்குக் கீழயோ இருந்தா, தட்டுல இருக்கிறதை முழுசா ஒரே ஐஎஸ்ஓ கோப்பா வெளிய எடுத்துடலாம். இவ்வளவும் தெரிஞ்சு, விக்கிறவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்க மறந்துட்ட. அவன் பெட்டியைப் புதுசாக் காட்டணும்னு கடைசிப் பதிப்பு வரைக்கும் அப்டேட் பண்ணித் துடைச்சுப் பொட்டலம் கட்டிக் குடுத்துட்டான். ஏய்யா, உங்க தாத்தா சந்தையில மாடு பிடிக்கும்போது நீயும் கூடப் போனவன்தானே? கொம்புக்கு அடிச்ச வர்ணத்தைப் பாத்து யாராவது பணம் குடுப்பாங்களா? வாயைத் திறந்து பல்லைப் பாக்கணுமா வேண்டாமா? உன் பெட்டிக்கு அந்தப் பதிப்பு நம்பர்தான் பல்லு. இப்போ அது கெழட்டு மாடுகூட இல்ல, கெழட்டு மாடாவது சாணி போடும்.

அந்த எரிச்சல்லதான் லேப்டாப்பு டிரைவுல சொருகி, எல்லாம் ஒண்ணுதான்னு மனசைத் தேத்திக்கிட்ட. இன்னொரு வழி இருக்கு. சில பழைய புளூ-ரே பிளேயருங்க, ஒப்போ 103, 105, பயனியர் 160, 170 மாதிரி. யுஎஸ்பி குச்சியில ஒரு பொடி நிரலை வச்சுச் சொருகினா, வீட்டு நெட்வொர்க் வழியாக் கம்ப்யூட்டருக்குத் தட்டை அள்ளிக் குடுக்கும்னு சின்னவன் வாசிச்சான். இந்தத் தடவையாவது மாடல் நம்பரைப் பாத்து, ஏற்கெனவே வேலை செஞ்சதுன்னு உறுதி பண்ணிட்டுக் காசை எடு.

பூட்டைத் திறக்கிற சங்கதின்னதால சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிடுறேன். நான் வக்கீல் இல்ல, ஆனா வாய்க்கால் கேசுக்குப் பதினோரு வருசம் அலைஞ்சவன். நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டத்துல 52-ஆம் பிரிவு சொந்த உபயோகத்துக்குன்னு கொஞ்சம் நிழல் குடுக்குது. 2012-ல 65ஏன்னு ஒண்ணைச் சேத்தாங்க. அடுத்தவன் உரிமையை மீறுற நோக்கத்தோட பூட்டை உடைச்சா ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள போகலாம், அபராதமும் உண்டு. பிரிட்டன்ல 2014-ல சொந்தக் காப்பிக்குச் சம்மதம் குடுத்து, 2015-லயே கோர்ட்டு திருப்பி வாங்கிடுச்சு. அதனால உன் தட்டு, உன் வீடு, உன் காதுன்னு இரு. அன்னைக்கு வந்த கூட்டாளியில ஒரு கண்ணாடிக்காரன் கிளம்பும்போது பென் டிரைவை மேசை மேல வச்சுட்டு, சட்டைப் பையைத் தடவிக்கிட்டே நின்னானே, அவனுக்கு இன்னொரு காப்பித் தண்ணி வேணும்னா குடு, பாட்டுக் காப்பி குடுக்காத. தட்டை வித்துட்டுக் காப்பியை மட்டும் வச்சுக்கிற யோசனையும் வேண்டாம். தட்டு எப்பவும் குடும்பத்துக்குள்ளயே இருக்கணும். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வச்சுக்க, பின்னாடி வரும்.

டிவிடி-ஆடியோவுலயும் நீ தடுக்கித்தான் விழுந்திருக்க. அந்தத் தட்டுக்குள்ள பெரும்பாலும் ரெண்டு அறை. ஆடியோ_டிஎஸ்னு ஒண்ணு, வீடியோ_டிஎஸ்னு ஒண்ணு. முதல் அறையிலதான் எம்எல்பின்னு ஒரு துளி சிந்தாம மூட்டை கட்டின ஒரிஜினல், ஆறு சேனல், 24 பிட், 96 கிலோ ஹெர்ட்ஸ் வரைக்கும். ரெண்டாவது அறை, சாதா டிவிடி பிளேயர் வச்சிருக்கிற ஏழைபாழைங்களுக்காக டால்பி டிஜிட்டலாப் பிழிஞ்சு வச்சது. நீ சினிமா டிவிடி எடுக்கிற பழக்கத்துல நேரா ரெண்டாவது அறைக்குள்ள புகுந்து, கரும்பை விட்டுட்டுச் சக்கையை அள்ளிட்டு வந்து, அதைப் பத்திரமா ஃபிளாக் கோப்பா மாத்தி, மேல 'ஹை-ரெஸ்'னு பேரும் எழுதி வச்சிருக்க. சக்கையைப் பித்தளைக் குடத்துல வச்சா சாறாயிடுமா? கோப்பு அளவைப் பாத்தாலே தெரியுமேய்யா. அந்த டால்பி பெரும்பாலும் நொடிக்கு 448 கிலோபிட். ஒரிஜினல் பிரிச்சுப் போட்டா நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மெகாபிட். முப்பது பங்கு.

ஒரு விசயத்துல நீ பண்ணினதைப் பாத்து எனக்கு நெசமாவே வயிறு எரிஞ்சுச்சு. முக்கோணத் தட்டு தவிர, உன் பெங்களூர்க் கூட்டாளி அவன் பெட்டியை இரவல் குடுக்க, ஏழெட்டு எஸ்ஏசிடியை நீ சரியாவே ஐஎஸ்ஓவா எடுத்து வச்சிருந்த. அதை ஃபிளாக்கா மாத்திட்டு, இடம் பத்தலைன்னு ஐஎஸ்ஓவை அழிச்சிருக்க. எஸ்ஏசிடியில சத்தத்தை எழுதுற முறையே வேற. சிடியில நொடிக்கு 44,100 தடவை அளந்து எழுதுவான். இதுல நொடிக்கு 28,22,400 தடவை, அப்படியே 64 மடங்கு, ஆனா ஒவ்வொரு தடவையும் ஒத்தை பிட்டு, ஏறுச்சா எறங்குச்சான்னு மட்டும். டிஎஸ்டின்னு பேரு. அதை ஃபிளாக்குக்குக் கொண்டு போனா நெல்லை ஒரு தடவை அவிச்சுக் குத்தின மாதிரி. சாப்பிட அருமையா இருக்கும், காதுக்கு வித்தியாசம் தெரியுமான்னா எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. ஆனா அவிச்ச நெல்லு முளைக்காது. நாளைக்கு இதைவிட நல்ல மில்லு வந்தா எதைக் கொண்டு போயி அரைப்ப? மாத்தும்போது சத்தம் 6 டெசிபல் எறங்கி வரும், அதை ஏத்தி வைக்கணும்ங்கிறதையும் விட்டுட்ட. அதனாலதான் அந்தத் தட்டுப் பாட்டுக்கு வால்யூமைத் திருகு திருகுன்னு திருகிட்டு, அடுத்து வேற பாட்டு வந்ததும் உன் பொண்டாட்டி அடுப்படியில கரண்டியைக் கீழ போட்டா. உங்க பாட்டி பஞ்ச காலத்துலயும் விதைப்பானையில கை வைக்காத மனுசி. நீ 4 ஜிபிக்காக விதையை அவிச்சிருக்க. ஒரு தட்டு 3, 4 ஜிபிதானேய்யா, நூறு தட்டு வச்சாலும் அரை டெரா தாண்டாதே.

புளூ-ரேல வர்ற அட்மாஸும் அதே கதைதான். அதுல சத்தம் மட்டும் இல்ல, எந்தச் சத்தம் எந்த இடத்துல மிதக்கணும்ங்கிற குறிப்பும் சேந்து வருது. ஃபிளாக்குக்கு மாத்தினா குறிப்பெல்லாம் உதிந்து போயிரும். அதைச் சுமந்து வர்ற ட்ரூஎச்டியை வந்தபடியே வச்சுக்க.

பாட்டுக்காரன் பானைக்குள்ள உக்காந்து பாடின கதையை மறந்திருக்க மாட்ட. நான் வந்த ரெண்டாம் நாளு. ஒரு வெள்ளைக்காரப் பாட்டு, குரலு உறுமல் பெட்டிக்குள்ள இருந்து பூம் பூம்னு வருது, நடு ஸ்பீக்கர்ல மத்தளம் லேசா இருமுது. நீ உடனே "இது மிக்ஸிங் மாமா, கலைஞனோட எண்ணம்"ன்ன. கலைஞன் பாவம். ஃபிளாக் கோப்புல வரிசை, எடது, வலது, நடு, உறுமல், பின் எடது, பின் வலது. நீ ஆறையும் தனித்தனியாப் பிரிச்சு மறுபடி கோக்கும்போது மூணாவதையும் நாலாவதையும் இடம் மாத்திக் கோத்திருக்க. கல்யாண வீட்டுல மாப்பிள்ளையை அடுப்படிக்கும் தவசிப்பிள்ளையை மணவறைக்கும் அனுப்பின மாதிரி.

அதுக்கு நேர் எதிரா ஒண்ணு. பழுதில்லாத இடத்துல பழுது பாத்தது. ஆர்சிஏ கம்பெனி 1950-களில் அமெரிக்காவுல பெரிய பெரிய வாத்தியக் கோஷ்டியை மூணு ட்ராக் டேப்புல பதிவு பண்ணி வச்சிருந்தான். எடது, நடு, வலது. அம்பது வருசம் கழிச்சு 'லிவிங் ஸ்டீரியோ'ன்னு எஸ்ஏசிடி போடும்போது, நேர்மையான ஆளுங்க, இல்லாததைக் கூட்டாம அதே மூணை மூணு குழாய்ல விட்டாங்க. பின்னாடி ரெண்டும் மௌனம். அதுதான் சரி. நீ பின் ஸ்பீக்கர் செத்துப் போச்சுன்னு ஆளு கூப்பிட்ட. வந்தவன் அரை மணி நேரம் ஒயரைத் தடவிட்டு, "லூஸ் கனெக்சன் சார்"னு 800 ரூபாய் வாங்கிட்டுப் போனான். மறுபடி போட்ட, மறுபடி மௌனம். ரெண்டாவது தடவை கூப்பிட இருந்தவனைச் சின்னவன்தான் அட்டையில எழுதியிருந்ததைக் காட்டித் தடுத்தான். பின்னாடி சத்தம் வந்தாத்தான் காசுக்குப் பெறும்னு நெனக்கிறவனுக்காகவே சில பாட்டு டிவிடி இருக்கு, ரெண்டு சேனல் பழைய பாட்டுக்கு எதிரொலி போட்டு ஆறு குழாய்க்கும் தெளிச்சு விட்டது. அதை நீ காப்பி எடுக்காமலே விட்டுடலாம், பாவம் ஒண்ணும் இல்ல.

டிடிஎஸ் சிடி போட்ட ராத்திரி நான் தூங்கல. பழைய சரக்கு, பாக்கச் சாதா சிடி மாதிரியே இருக்கும், ஆனா உள்ள பூட்டி வச்சிருக்கிறது ஆறு சேனல். அதை ரிசீவர் அடையாளம் கண்டாப் பாட்டு, காணலைன்னா வெறும் இரைச்சல். கம்ப்யூட்டர்ல வால்யூமை ஒரு புள்ளி குறைச்சாக்கூட உள்ள இருக்கிற எழுத்தெல்லாம் கலைஞ்சு அடையாளம் போயிரும். நீ பக்கத்து வீட்டுக்காரன் தூக்கம் கெடக்கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல சத்தத்தைக் குறைச்சுட்டுப் போட்ட. ஆறு குழாய்லயும் கொதிக்கிற எண்ணெயில ஈர அப்பளத்தைப் போட்ட மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரன் கேஸ் கசியுதுன்னு கதவைத் தட்டிட்டான்.

டிடிஎஸ்ங்கவும் எனக்குப் பழைய நெனப்பு. 1993-ல 'ஜுராசிக் பார்க்'கோட வந்த சங்கதி அது. தமிழ்ல 1996-ல 'கருப்பு ரோஜா'தான் முதல்னு சொல்லுவாங்க. சவுண்டுக்காரன் சவுண்டுக்காரனுக்குச் சிநேகிதம்ங்கிற முறையில ஒரு தியேட்டர் ஆபரேட்டர் என்னைக் கேபினுக்குள்ள கூட்டிட்டுப் போயிக் காட்டினான். பிலிம் ஓரத்துல புள்ளி புள்ளியா நேரக் குறி. சத்தம் இருந்தது தனியா, ஒரு பெட்டிக்குள்ள சுத்துற சிடி-ராம் தட்டுல. பிலிம் அறுந்து ஒட்டினாலும் குறியைப் பாத்துச் சத்தம் தானா வந்து சேந்துக்கும். கீழ எறங்கி வந்து உக்காந்தா, பின் சுவத்துலேர்ந்து சத்தம் வரும்போது முன் வரிசையில இருந்த அத்தனை பேரும் ஒண்ணாத் திரும்பிப் பாத்தாங்க. எவன் கூப்பிட்டான்னு. அந்தத் திரும்பிப் பாக்கிறது இருக்கே, அதுக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

உன் வீட்டுல திரும்பிப் பாக்க முடியாது, இடிச்சுக்குவோம். முன் குழாய் ரெண்டும் நடுவுலேர்ந்து ஆளுக்கு 30 பாகை, பின் குழாய் பக்கவாட்டைக் கொஞ்சம் தாண்டி 110 பாகைன்னு உலகத்துக்கே ஒரு கணக்கு இருக்கு. நீ ஒண்ணைச் சோபாவுக்கு முதுகுல ஒட்ட வச்சிருக்க, இன்னொண்ணைப் பீரோ மேல அட்டைப் பெட்டிங்களுக்கு நடுவுல ஏத்தியிருக்க. நான் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துக் குழாயைத் திருப்பிக் கட்டினவன், சொன்னாக் கேளு. அட்டைப் பெட்டிக்குச் சங்கீதம் வேண்டாம்.

வைஃபையைப் பத்தி ஒண்ணே ஒண்ணு. உன் அடுக்குமாடியில செல்லைத் திறந்தா முப்பது வீட்டு வைஃபை பேரு வருது. ஒரே கிணத்துல முப்பது வாளி. வேகம் பத்தாமப் போறதில்ல, நடுவுல நடுவுல விக்குது. அந்த முக்கோணத் தட்டுல பாட்டுக்குப் பாட்டு இடைவெளியே கிடையாது, ஒண்ணு முடியிற மூச்சுல அடுத்தது எடுக்கும். அங்க விக்கினா நாதஸ்வரக்காரன் சீவாளியைத் தவற விட்ட மாதிரி. சுவத்தோரமா ஒரு ஈதர்நெட் ஒயரை இழு. 100 மெகாபிட் ஒயரே தாராளம். நான் அரை மைலுக்குப் பனைமரத்து வழியா ஒயர் இழுத்தவன், நீ ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவுல இழுக்க யோசிக்கிற. அப்புறம் அந்த ஆப்டிகல் ஒயரைக் கழட்டிடு, அதுல பிரிச்ச ஆறு சேனல் போகாது, ரெண்டுதான். கம்ப்யூட்டர்லேர்ந்து ரிசீவருக்கு எச்டிஎம்ஐ. செல்லுலேர்ந்து ஏர்பிளேல அனுப்பினாலும் ரெண்டுதான். நீ எத்தனை வழியில முயற்சி பண்ணினாலும் ரெண்டுக்கே வந்து நிக்கிற, அதுவும் ஒரு தெறமைதான்.

ஒரு நாள் சாயங்காலம் நான் சும்மா எண்ணிக்கிட்டு இருந்தேன். ஏழு மணிக்கு உக்காந்த, ஒம்பது மணிக்கு எந்திரிச்ச. இருபத்து மூணு பாட்டு ஆரம்பிச்ச. முடிச்சது சைபர். ஒவ்வொண்ணும் முப்பது நொடி, "மாமா, இந்த எடத்தைக் கேளுங்க", அடுத்தது. மீதி நேரமெல்லாம் அட்டைப் படம் சரியா வரலைன்னு தேடிக்கிட்டு இருந்த, பேரு மாத்திக்கிட்டு இருந்த. பேருன்னதும் ஞாபகம் வருது, ஒரே தட்டோட ஸ்டீரியோவையும் சுத்துச் சத்தத்தையும் ஒரே பேருல போட்டு, ஒவ்வொரு பாட்டும் ரெண்டு ரெண்டு தடவை பாடுது பாரு, அதை ரெண்டு வீடாப் பிரி. இரட்டைப் பிள்ளைக்குக்கூட ரெண்டு பேரு வைப்பாங்க.

அந்த இருபத்து மூணுக்கும் சோபாவுல இன்னொரு ஆளு உக்காந்திருந்தா, கவனிச்சியா? உன் பொண்டாட்டி. எனக்கு மக முறை. முதல் பாட்டுக்குப் பூண்டு உரிச்சுக்கிட்டே வந்து உக்காந்தா. அஞ்சாவது பாட்டுல பூண்டு தீந்து போச்சு. அவளுக்கும் எதையாவது முழுசாக் கேக்கணும்னு இருந்திருக்கும்.

இனி நான் பண்ணின காரியத்துக்கு வர்றேன். பரண்ல அந்த விளையாட்டுப் பெட்டிக்குப் பின்னாடி உன் பழைய எஸ்ஏசிடி பிளேயர் ஒண்ணு துணி சுத்திக் கெடந்துச்சே, எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்குல போட்டாச்சு, இனி இது எதுக்குன்னு நீ தூக்கிப் போட்டது. ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு உன் பொண்டாட்டிகிட்டக் கேட்டேன். "எடத்தைக் காலி பண்ணினாப் போதும் சித்தப்பா, எடுத்துட்டுப் போங்க"ன்னு சொல்லி அவளே பையில வச்சுக் கட்டிக் குடுத்தா. வெறும் பெட்டியை வச்சு நான் என்ன பண்ண? அதனால அந்த முக்கோண அட்டையைத் திறந்து பாரு. உள்ள இருந்த சின்னப் புத்தகம் இருக்கும். தட்டு இருக்காது. குடும்பத்துக்குள்ளயே இருக்கணும்னு சொன்னேன்ல, இருக்கு. காப்பி எடுத்தாச்சுன்னு நீதான் நாலு பேருக்கு முன்னாடி சொன்ன, அது பாதிக் காப்பின்னு நான் எப்படிப் பிள்ளைங்க முன்னாடி சொல்லுவேன்?

இங்க வந்து நம்ம பழைய ஆம்ப்ளிஃபயர்ல கோத்தேன். தூசி தட்டி, திண்ணைக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு குழாயைக் கட்டி, ராத்திரி ஏழரைக்குப் போட்டேன். முதல்ல நெஞ்சு துடிக்கிற சத்தம். உங்க அத்தை ஓடி வந்து என் நெஞ்சுல கை வச்சுப் பாத்தா. அப்புறம் கடிகாரமெல்லாம் ஒண்ணா அலறுச்சு பாரு, எதிர் வீட்டுக் கிடாய் கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிப் போயி, கம்மாய்க்கரையில பிடிச்சுட்டு வந்தாங்க. கல்லாப்பெட்டியும் சில்லறையும் கொட்டுற பாட்டு வந்ததும் கடைக்காரர் எட்டிப் பாத்து, "யாரு வீட்டுல வசூலு"ன்னு கேட்டுட்டுப் போனாரு. முழுசா ஓட விட்டேன், நாப்பத்து மூணு நிமிசம். ஒருத்தரும் எந்திரிக்கல. தட்டு முடிஞ்சதும் எடுக்கலாம்னு பொத்தானை அமுக்கினா, பெட்டி முனகுது, கதவு திறக்கல. அந்த ரப்பர் வாரு இறுகிப் போச்சுன்னு நினைக்கிறேன். அமுக்கினாப் பாடுது, நல்லாவே பாடுது, வெளிய மட்டும் விட மாட்டேங்குது.

தட்டு வேணும்னா பொங்கலுக்கு வா. மெல்லிசான ஸ்குரூ டிரைவரு ஒண்ணும், அந்த அளவுக்கு ரப்பர் வாரு ஒண்ணும் எடுத்துட்டு வா. சின்னவனைக் கண்டிப்பாக் கூட்டிட்டு வா, கழட்ட அவன் போதும், நீ டார்ச்சு பிடி. வர்ற வழியில குழாய்க்கு ஒரு யூனிட்டும் வாங்கிக்க. மூணாவது குழாய் ஊமையாக் கெடக்கு, அது மட்டும் சரியாயிட்டா அந்த ஆர்சிஏ தட்டையும் கேட்டுடலாம். அதையும் மறக்காம எடுத்துட்டு வா, வெறும் அட்டையைக் கொண்டு வந்துடாத.